எடைக் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் வருவதை என்ன செய்வது?

சம்பா அறுவடை முடிந்து நெல் களத்துக்கு வந்ததும், நாலைந்து பேர் சேர்ந்து ஒரே லாரியில் வியாபாரிக்கு ஏற்றுவது டெல்டாவில் வழக்கம். மூட்டையைத் தராசில் வைக்கிறார்கள். 60.7 என்று காட்டுகிறது. நோட்டில் 60 என்று எழுதுவதா, 61 என்று எழுதுவதா, 60.7 என்றே எழுதுவதா? எழுதுகிறவர் கை எப்படிப் பழகியிருக்கிறதோ அப்படியே போய்விடுகிறது. எழுதுமுன் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டிய விஷயம் இது. எந்த முறைக்கு எவ்வளவு பிழை, அந்தப் பிழை யார் பக்கம் சாய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, எதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொள்முதல் நிலையத்தில் இந்தக் கேள்வி வேறு மாதிரி வரும். அங்கே 40 கிலோ சிப்பம். ஒவ்வொரு சிப்பத்திலும் நெல்லை அள்ளியோ போட்டோ ஒரே எடைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மூட்டைகளை எண்ணினால் எடை தெரிந்துவிடும். வியாபாரிக்குக் களத்திலேயே போடும்போது அப்படியில்லை. அறுபது கிலோ மூட்டை என்பது பேச்சுக்குத்தான். அள்ளிப் போட்டுத் தைத்துத் தராசில் ஏற்றினால் ஒன்று 59.8 வரும், இன்னொன்று 61.6 வரும். அங்கேதான் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணுக்கு வேலை.

பத்து மூட்டையை எடுத்துக்கொள்வோம். தராசு 100 கிராம் படியில், அதாவது நூறு நூறு கிராமாக ஏறிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 60.4, 61.5, 60.7, 59.8, 60.5, 61.2, 60.9, 60.3, 61.6, 60.5. உள்ளதை உள்ளபடி கூட்டினால் 607.4 கிலோ.

புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அடித்துவிட்டு எழுதினால் 60, 61, 60, 59, 60, 61, 60, 60, 61, 60. மொத்தம் 602. ஐந்து கிலோ 400 கிராம் காணோம்.

பக்கத்து முழு எண்ணுக்கு ரவுண்டு செய்து, பாதி வந்தால் மேலே ஏற்றினால் 60, 62, 61, 60, 61, 61, 61, 60, 62, 61. மொத்தம் 609. ஒரு கிலோ 600 கிராம் கூடுதல்.

பாதி வரும்போது மட்டும் இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோனால் 61.5 என்பது 62 ஆகும், 60.5 இரண்டும் 60 ஆகும். மொத்தம் 607. நானூறு கிராம்தான் குறைவு.

அரை கிலோவுக்கு ரவுண்டு செய்தால் 607.5. நூறு கிராம் கூடுதல்.

ஒவ்வொரு மூட்டையையும் புள்ளியோடு எழுதி, கடைசியில் கூட்டி, ஒரே ஒரு தடவை ரவுண்டு செய்தாலும் 607.

பத்து மூட்டையில் ஐந்தரை கிலோ பெரிதா என்று கேட்கலாம். பத்து மூட்டையோடு நின்றுவிட்டால் பெரிதில்லை. லாரி ஏறுகிற அளவுக்குப் போகும்போது இந்த முறைகள் ஒன்றுக்கொன்று எப்படிப் பிரிகின்றன என்பதுதான் விஷயம்.

அடித்துவிட்டு எழுதும் முறை

களத்தில் அதிகம் புழங்குவது இதுதான். வேகமாக நடக்கும், வாயால் கூவ வசதி, கூட்டுவதும் சுலபம். முதல் மூட்டையை 'லாபம்' என்று சொல்லி எண்ணிக்கை தொடங்கி ரெண்டு, மூணு என்று ஓடுகிற ஓட்டத்தில், 'அறுபது' என்று சொல்வது 'அறுபது புள்ளி ஏழு' என்பதைவிட வாய்க்கு எளிது. இதில் யாரும் வேண்டுமென்றே ஏமாற்றுவதாக நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த முறையில் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் போகும். எந்த மூட்டையும் உள்ளதைவிடக் கூடுதலாக எழுதப்பட வழியே இல்லை.

புள்ளிக்குப் பின்னால் 0 முதல் 9 வரை எல்லா எண்ணும் சம அளவில் வருகின்றன என்று கொண்டால், மூட்டைக்குச் சராசரி 450 கிராம் விடுபடும். நூறு மூட்டைக்கு 45 கிலோ. இருநூறு மூட்டை ஏற்றினால் 90 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டை நெல். 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் விலை ஊக்கத்தொகையோடு சேர்த்துப் பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். கிலோ 25 ரூபாய் என்றே வைத்தாலும் இருநூறு மூட்டையில் 2,250 ரூபாய். தூற்றிக் காயவைத்த நெல், பதர் இல்லை, கருக்காய் இல்லை. ஆனாலும் எழுதாத எழுத்தில் போய்விடுகிறது.

ஒரே பக்கம் சாயும் சிறு பிழை எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்பதற்குக் கனடாவில் ஒரு பெயர்பெற்ற உதாரணம் உண்டு. வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீட்டை 1982 ஜனவரியில் 1000 என்று தொடங்கினார்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் கணினி குறியீட்டைத் திரும்பக் கணக்கிட்டு, மூன்று தசம இடத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிப் போட்டது. ஒரு நாளில் இப்படி ஆயிரக்கணக்கான தடவை. 1983 நவம்பரில் குறியீடு 524-க்கு வந்து நின்றது. சரியாகத் திரும்பக் கணக்கிட்டபோது 1098-க்கு மேல் இருந்தது. சந்தை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் குறியீடு பாதியாகத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வெட்டியது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லா வெட்டும் கீழ்நோக்கியே இருந்தது, அவ்வளவுதான் நடந்தது.

பக்கத்து எண்ணுக்கு ரவுண்டு செய்வது

பள்ளியில் சொல்லிக் கொடுத்த முறை. நாலும் அதற்குக் கீழும் விட்டுவிடு, ஐந்தும் அதற்கு மேலும் ஏற்று. இதில் ஒரு மூட்டைக்கு அதிகபட்சப் பிழை அரை கிலோ. அடித்துவிடும் முறையில் அதிகபட்சம் 900 கிராம். பாதியாகக் குறைந்துவிட்டது என்பதல்ல இதன் பெருமை. பிழை இரண்டு பக்கமும் போகிறது, ஒன்றையொன்று தின்றுவிடுகிறது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நூறு மூட்டைக்கு, மூட்டைக்கு அரை கிலோ என்றால் 50 கிலோ பிழை வரலாமே என்று பயப்படத் தோன்றும். வரலாம்தான், நூறு மூட்டையும் ஒன்றுவிடாமல் ஒரே பக்கம் பாதியில் நின்றால். அப்படி நடக்காது. சில 0.3 கீழே போகும், சில 0.4 மேலே போகும். எதிரெதிர்ப் பிழைகள் கழிந்த பிறகு மிஞ்சும் விலகல் நூறு மூட்டைக்குச் சுமார் மூன்று கிலோதான். பெரும்பாலும் ஆறு கிலோவைத் தாண்டாது. மூட்டை நூறு மடங்கானால் இந்தப் பிழை பத்து மடங்குதான் ஆகிறது, ஏனென்றால் அது எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது. அடித்துவிடும் முறையில் மூட்டை நூறு மடங்கானால் பிழையும் நூறு மடங்கு. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தன்னால் புரிந்துவிடும்.

இதிலும் ஒரு சிறு சாய்வு இருக்கிறது. சரியாகப் பாதியில் நிற்கும் மூட்டையை எப்போதும் மேலேயே ஏற்றுகிறோம். நூறு கிராம் படியில் காட்டும் தராசில் பத்தில் ஒரு மூட்டை சரியாக .5-இல் நிற்கும் என்று வைத்தால், நூறு மூட்டையில் பத்து மூட்டை அரை அரை கிலோ ஏறும். அதாவது ஐந்து கிலோ விற்பவர் பக்கம். வியாபாரி இதைச் சொல்லிக் காட்டினால் அவர் சொல்வது நியாயம்தான். மேலே பார்த்த பத்து மூட்டையில் மூன்று .5 இருந்தன, 609 வந்ததற்கு அதுதான் காரணம்.

இந்தச் சாய்வை எடுக்கத்தான் பாதியை இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும் முறை. 60.5 என்றால் 60, 61.5 என்றால் 62. பாதித் தடவை ஏறும், பாதித் தடவை இறங்கும். எண்களை ரவுண்டு செய்வதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் ஐ.எஸ். 2 என்ற தரநிலை, 1960 பதிப்பிலேயே, இந்த முறையைத்தான் சொல்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு அருமையான விதி. களத்துக்கு ஆகாது என்பது என் கருத்து. அறுபதரையை 60 என்றும் அறுபத்தொன்றரையை 62 என்றும் எழுதினால், பக்கத்தில் நிற்கிற விவசாயிக்கு அது ஆளுக்கு ஒரு நியாயமாகத் தெரியும். மூட்டைக்கு மூட்டை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, நிற்கிற எல்லோருக்கும் சரியாகத் தெரியவும் வேண்டும்.

அரை கிலோவுக்கு ரவுண்டு செய்வதில் இந்தத் தொல்லை இல்லை. மூட்டைக்கு அதிகபட்சம் 200 கிராம் பிழை, அதுவும் இரண்டு பக்கமும். 0.3, 0.4 வந்தால் அரைக்கு ஏறும், 0.6, 0.7 வந்தால் அரைக்கு இறங்கும். நூறு கிராம் படித் தராசில் நடுவில் மாட்டிக்கொள்ளும் எண்ணே கிடையாது. 'அறுபதரை', 'அறுபத்தொண்ணு' என்று கூவவும் வசதி.

எழுதுவது முழுசாக, ரவுண்டு கடைசியில்

என் தேர்வு இதுதான். தராசு காட்டுவதை அப்படியே எழுதி, மொத்தம் போட்ட பிறகு ஒரு தடவை ரவுண்டு செய்தால், லாரி எத்தனை மூட்டையானாலும் ரவுண்டு செய்ததால் வரும் பிழை அரை கிலோவுக்குள். காசில் பன்னிரண்டரை ரூபாய். பழைய நாளில் புள்ளியோடு கூட்டுவது சிரமம் என்று சொன்னதில் பொருள் இருந்தது. இப்போது கையில் இருக்கிற போனே கூட்டிக் கொடுக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு நல்ல வாதம், ஆளாளுக்குப் பிரிக்கும்போது வருவது. மூன்று பேர் நெல் ஒரே லாரியில் ஏறுகிறது. ஒருவருக்கு 412.2, இன்னொருவருக்கு 305.3, மூன்றாமவருக்கு 188.4. மொத்தம் 905.9, ரவுண்டாக 906. ஆனால் தனித்தனியாக ரவுண்டு செய்தால் 412, 305, 188. கூட்டினால் 905. ஒரு கிலோ எங்கே போனது என்று கேள்வி வரும். யாரும் எடுக்கவில்லை, மூன்றும் கீழே போனதால் வந்த இடைவெளி. முழுக் கிலோவில்தான் பிரிக்க வேண்டும் என்றால், புள்ளிக்குப் பின்னால் பெரிய எண் யாருக்கு இருக்கிறதோ அவருக்கு அந்த ஒரு கிலோவைச் சேர்க்கலாம். இங்கே 188.4 என்பது 189 ஆகும். தேர்தலில் விகிதாசாரப்படி இடங்களைப் பிரிக்கும் நாடுகளில் சிலவும் மிச்சத்தை இப்படித்தான் பங்கிடுகின்றன. அதைவிட நல்லது, எடையை ரவுண்டு செய்யாமல் விட்டு, பணத்தை மட்டும் ரூபாய்க்கு ரவுண்டு செய்வது. 412.2 கிலோவுக்கு 10,305 ரூபாய், 305.3-க்கு 7,632 ரூபாய் 50 காசு, 188.4-க்கு 4,710. ஐம்பது காசை மட்டும் ஏற்றினால் போதும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-வது பிரிவும் வரித்தொகைக்கு இதையே சொல்கிறது: ஐம்பது காசும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாயாக ஏற்று, குறைந்தால் விட்டுவிடு. கடைசிப் படியில், காசு கைமாறும் இடத்தில், ஒரே ஒரு தடவை.

ஒரே தடவை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 17.46 என்ற எண்ணை ஒருவர் 17.5 என்று எழுதிக் கொடுக்க, அடுத்தவர் அதைப் பார்த்து 18 என்று எழுதினால், இரண்டு பேரும் விதிப்படிதான் செய்திருப்பார்கள், விடை மட்டும் தப்பு. நேராக ரவுண்டு செய்தால் 17.

சாக்கு எடை என்கிற மறைவான இடம்

மூட்டை எடைக்கு இவ்வளவு பார்த்துவிட்டுச் சாக்குக்கு 'ஒரு கிலோ கழிச்சுக்குங்க' என்று விட்டுவிட்டால் பார்த்ததெல்லாம் வீண். ஐம்பது கிலோ பிடிக்கிற புதுச் சணல் சாக்கு ஏறத்தாழ 580 கிராம். அதை ஒரு கிலோ என்று ரவுண்டாக்கினால் மூட்டைக்கு 420 கிராம் கூடுதலாகக் கழிகிறது. நூறு மூட்டைக்கு 42 கிலோ. அடித்து எழுதும் முறையில் போன 45 கிலோவுக்குக் கிட்டத்தட்ட சமம். இரண்டும் ஒரே பக்கம் சாய்வதால் கூடிக்கொள்ளும். நூறு மூட்டையில் 87 கிலோ. பிளாஸ்டிக் சாக்கு என்றால் எடை இன்னும் மிகக் குறைவு, கழிவு இன்னும் அநியாயம். நனைந்த பழைய சாக்கு என்றால் வியாபாரிக்கும் நட்டம் வரலாம், அதையும் சொல்ல வேண்டும்.

வழி சுலபம். அன்றைக்குப் பயன்படுத்தப்போகும் சாக்குகளில் பத்தை ஒன்றாகக் கட்டித் தராசில் வைத்தால் போதும். ஒரு சாக்கை வைத்தால் 0.6 என்று காட்டும். பத்தையும் வைத்தால் 5.8 என்று காட்டும். பத்தால் வகுத்தால் 580 கிராம். தராசின் பிழையும் பத்தில் ஒன்றாகிவிட்டது. கூலியும் இல்லை, செலவும் இல்லை.

தராசே தப்பாக இருந்தால் எந்த ரவுண்டு முறையும் காப்பாற்றாது. தராசு ஒவ்வொரு தடவையும் 200 கிராம் குறைத்துக் காட்டினால் நூறு மூட்டையில் 20 கிலோ, புள்ளியோடு எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. எடைபோடத் தொடங்குமுன் தொழிலாளர் துறையின் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதும், தெரிந்த எடை ஒன்றை வைத்துப் பார்ப்பதும் அவசியம். இருபது கிலோ எடைக்கல் இரவலாகக் கிடைத்தாலும் போதும்.

அறுவடை மிஷின் நேரம்

இதில் ரவுண்டு எப்போதும் மேலேதான் போகிறது. சின்ன அளவில் ரவுண்டு செய்தால் எவ்வளவு வலிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் டெல்டாவில் இல்லை. பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேர். மிஷின் ஒவ்வொருவர் வயலிலும் 40 நிமிடம் ஓடுகிறது. மொத்தம் இரண்டு மணி நேரம். ஆளுக்கு ஒரு மணி என்று ரவுண்டு செய்தால் மூன்று மணிக்கான காசு. மணிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,600 ரூபாய் வேலைக்கு ஆளுக்கு 2,400. பெரிய நிலக்காரர் வயலில் எட்டு மணி நாற்பது நிமிடம் ஓடி ஒன்பது மணி என்று எழுதினால் இருபது நிமிடம்தான் ஏறுகிறது, நூற்றுக்கு நாலுகூட இல்லை. சின்ன வயல்காரர்களுக்கும் ஆளுக்கு ஏறியது இருபது நிமிடம்தான், ஆனால் கூலியில் பாதி. ரவுண்டு பிழையைக் கிலோவிலும் நிமிடத்திலும் மட்டும் பார்க்காமல், எதில் எத்தனை பங்கு என்றும் பார்க்க வேண்டியது இதனால்தான். சின்ன விவசாயிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரே கணக்காக மிஷினைப் பேசி, மொத்த நேரத்தை ஒரு தடவை ரவுண்டு செய்யச் சொல்லி, காசைத் தங்களுக்குள் நிமிடக் கணக்கில் பிரித்துக்கொண்டால் இது தீரும்.

மா, குழி, ஏக்கர்

நிலக் கணக்கில் நிலைமை வேறு. நம் பக்கத்தில் குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது 14,400 சதுர அடி, அதாவது 33.06 சென்ட். இதைப் பேச்சில் இரண்டு விதமாக ரவுண்டாக்குகிறோம். ஒன்று, மா என்றால் 33 சென்ட். இன்னொன்று, மூன்று மா ஒரு ஏக்கர். ஒரு மாவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேலிக்குப் போனால் முதல் முறையில் 6.60 ஏக்கர், இரண்டாவதில் 6.67 ஏக்கர், உண்மையில் 6.61 ஏக்கர். ஒன்று ஒரு சென்ட் குறைக்கிறது, மற்றது ஐந்தரை சென்ட் கூட்டுகிறது.

எதை எடுப்பது? உரம் போடவும் நாற்று விடவும் ஆள் சொல்லவும் 'மூணு மா ஒரு ஏக்கர்' தாராளமாகப் போதும். கையால் தெளிக்கிற யூரியா அந்த நுட்பத்துக்கு நிற்காது. குத்தகை பேசவும் 33 சென்ட் போதும். விற்பனை, பாகப்பிரிவினை என்று வந்தால் இரண்டும் ஆகாது. பட்டாவில் இருக்கிற ஹெக்டேர், ஏர் கணக்கிலிருந்து நேராகப் போக வேண்டும். ஒரு ஏர் 2.471 சென்ட். அதை இரண்டரை என்று ரவுண்டாக்கி நூறு ஏருக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட மூன்று சென்ட் இல்லாத நிலம் கணக்கில் வந்துவிடும். மூன்று சென்ட் என்பது ஒரு சின்ன வீட்டு மனை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அளவுச் சங்கிலியோ டேப்போ அரை அடிக்குத்தான் நம்பகம் என்றிருக்க, பெருக்கி வந்த 43,217.38 சதுர அடியை அப்படியே பத்திரத்தில் எழுதுவது. அந்த .38 அளந்து வந்ததல்ல, பெருக்கி வந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, அதற்கும் கீழே 'கீழ்' என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்குகளாகப் போய்க்கொண்டே எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த நுட்பமும் அளவுகோலைவிடக் கணக்கரின் வகுத்தலிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வரிப் பங்கீட்டில் மிச்சம் விடாமல் பிரிக்க அவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கும். நமக்குப் பத்திரத்தில் தேவையில்லை.

பதினேழு சதவீதம் என்கிற கோடு

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் குறுவை மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அதை 22 ஆக உயர்த்தக் கோருவதும், மத்தியக் குழு வந்து பார்ப்பதும் நமக்குப் பழகிய செய்தி. எடையில் 17-க்கும் 17.4-க்கும் உள்ள வித்தியாசம் பெரிதல்ல. 17.4 ஈரமுள்ள நூறு கிலோ நெல்லை 17-க்குக் காயவைத்தால் அரை கிலோ குறையும், அவ்வளவுதான். ஆனால் இங்கே எண் பணத்தைக் கூட்டிக் குறைக்கவில்லை, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. கோட்டுக்கு அருகில் ரவுண்டு முறைதான் தீர்ப்பு.

தர நிர்ணய அமைவனத்தின் தரநிலைகளில் இதற்கென்றே வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: தரநிலை சொல்லும் எண்ணில் எத்தனை இலக்கம் இருக்கிறதோ, அளந்து வந்த எண்ணையும் அதே அளவுக்கு ரவுண்டு செய்து ஒப்பிடு. அந்த வழியில் வரம்பு '17' என்றிருந்தால் 17.4 உள்ளே, '17.0' என்றிருந்தால் வெளியே. ஆகவே மாதிரி எடுப்பதற்கு முன்பே, வரம்பு முழு எண்ணிலா தசமத்திலா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி நாலு எடுத்தால் நாலையும் புள்ளியோடு வைத்துச் சராசரி போடச் சொல்லுங்கள். 16.6, 17.3, 17.8, 16.9 என்றால் சராசரி 17.15. ஒவ்வொன்றையும் முதலில் ரவுண்டு செய்தால் 17, 17, 18, 17. அந்தப் 18 ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் குவியலே ஈரம் என்று சொல்லிவிட முடியும். கோட்டுக்கு இவ்வளவு அருகில் நெல் இருந்தால், வாதாடுவதைவிட இன்னொரு வெயில் காட்டுவது நல்லது. வெயில் இருந்தால்.

தண்ணீர்க் கணக்கிலும் இதே பேச்சு உண்டு. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியதாகச் சொன்ன அளவு 177.25 டி.எம்.சி. டீக்கடையில் 177 என்று சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தக் கால் டி.எம்.சி. 25 கோடி கனஅடி. 5,700 ஏக்கருக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர். மேட்டூரில் 119.6 அடியை 120 என்று சொன்னாலும் அப்படித்தான். உச்சியில் நீர்ப்பரப்பு விரிந்திருப்பதால் அங்கே ஒரு அடி ஒன்றரை டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும். அணையின் அடிப்பகுதியில் அதே ஒரு அடியில் இருப்பது மிகக் குறைவு. ஒரே அளவு ரவுண்டு, இடத்துக்கு இடம் வேறு பிழை. ஜூன் 12-இல் திறப்பார்களா என்று எதிர்பார்த்து நாற்றங்கால் போடுகிறவர், அடியைவிட டி.எம்.சி. எண்ணைப் பார்ப்பது நல்லது.

மறுபடி களத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முடிவெடுக்க வேண்டியது அங்கேதான். நாலைந்து பேர் சேர்ந்து ஏற்றுகிறீர்கள் என்றால் முதல் மூட்டை தராசில் ஏறுமுன்பே மூன்றைப் பேசி நோட்டின் மேல் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: எடை புள்ளியோடு எழுதப்படும், சாக்கு எடை பத்துச் சாக்கு நிறுத்துக் கழிக்கப்படும், பணம் மட்டும் ரூபாய்க்கு ரவுண்டு செய்யப்படும். பெரும்பாலான வியாபாரிகள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். 'அவ்வளவு நேரமில்லை, லாரி நிற்குது' என்று ஒருவர் சொன்னால் அரை கிலோ முறைக்கு இறங்கலாம். நூறு மூட்டையில் இரண்டு மூன்று கிலோவுக்குமேல் போகாது, அதுவும் யார் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கும் அவர் மறுத்து, அடித்துத்தான் எழுதுவேன் என்றால், விலையில் கேளுங்கள். மூட்டைக்கு 450 கிராம் என்பது அறுபது கிலோவில் நூற்றுக்கு முக்கால் பங்கு. கிலோ 25 ரூபாய் நெல்லுக்கு அது கிலோவுக்கு 19 காசு. குவிண்டாலுக்கு 19 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் அடித்து எழுதுவதிலும் நட்டமில்லை.